ராத்திரி பன்னிரண்டே முக்கால் எந்தக் கிழமை?

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி செல்போனை நீட்டினான். "அண்ணா, கோத்தகிரி, அப்புறம் கொச்சி. எல்லாம் புக் பண்ணிட்டேன். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க." பார்த்தேன். 2011இல் நான் செய்த அதே கோளாறு, அதே ஈரோடு வண்டி, அதே வெள்ளிக்கிழமை. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் நான்தான் சுற்றுலா அமைச்சர். சம்பளம் கிடையாது. திரும்பி வரும்போது ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுப்பார்கள், சிலர் அதுவும் கொடுப்பதில்லை. ரயிலில் போய், காரில் மலை ஏறி, இறங்கிக் கடலைப் பார்த்து, மறுபடி ரயிலில் ஊர் திரும்பும் திட்டங்கள்தான் அதிகம் வரும். அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன். ஸ்வெட்டர் எடு, அடையாள அட்டையை மறக்காதே என்பதெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார்.

தாளைக் கிழித்த பிறகு வரும் வண்டி

எங்கள் ரயில் நிலையமான காட்பாடிக்கு ஒரு சாபம் உண்டு. சென்னையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சென்னைக்காரர்கள் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பத்தரை, பதினொன்றுக்கு ஏறும் வண்டி, நம்மூருக்கு வந்து சேர்வதற்குள் தேதி மாறிவிடும். அவர்களுக்குக் கிழமைக் குழப்பமே கிடையாது. மாட்டிக்கொள்வது நாம்தான்.

நம் வாயில் 'வெள்ளிக்கிழமை ராத்திரி' என்றால் வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி விடிகிற வரைக்கும். பஞ்சாங்கமும் அப்படித்தான், ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை ஒரு நாள். ரயில்வேக்கோ மணி பன்னிரண்டு அடித்தால் சனி. காட்பாடியில் ஏறுவதாகப் போட்டால், பயணத் தேதி என்பது வண்டி காட்பாடிக்கு வருகிற தேதி. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துப் போகலாம் என்று வெள்ளித் தேதியைப் போட்டுத் தேடினால், 00:45க்கு ஒரு வண்டி காட்டும். அது வியாழக்கிழமை நாம் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்போது வருகிற வண்டி.

2011 மே மாதம். மேட்டுப்பாளையம் வண்டியில் இடம் கிடைக்கவில்லை, அதனால் ஈரோடு வரை ரயில், அங்கிருந்து காரில் கோத்தகிரி, இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து கோழிக்கோடு. மனைவி, குழந்தைகள், என் அம்மா, மாமியார், மைத்துனர் குடும்பம், எல்லாம் சேர்த்து ஒன்பது பேர். வெள்ளி ராத்திரி பதினொன்றரைக்கே காட்பாடி வந்துவிட்டோம். நேரத்தோடு வந்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு. வண்டி வந்தது, ஏறினோம், எங்கள் படுக்கைகளில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பினேன். சாதாரணமாக எழுப்பியிருந்தாலும் பரவாயில்லை, அதட்டி எழுப்பினேன். ஒரு பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். அதே பெட்டி, அதே எண்கள். அவர் டிக்கெட்டிலும் வெள்ளி, என் டிக்கெட்டிலும் வெள்ளி. ஆனால் அவர் ஏறியது சென்னையில், நள்ளிரவுக்கு முன்னால். டிடிஆர் வாங்கிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சார், இது நேத்து ராத்திரி போன வண்டி."

வண்டி நகர்வதற்குள் ஒன்பது பேரும், பதினோரு பைகளும், ஒரு புளிசாதத் தூக்கும் பிளாட்பாரத்தில் இறங்கியாக வேண்டும். இறங்கினோம், தூக்கு மட்டும் இறங்கவில்லை. மாமியார் கேட்டார், "இன்னா மாப்ளே, வண்டி போய்ட்ச்சா?" இன்றைக்கும் குடும்பத்தில் யார் எதைத் தவறவிட்டாலும் இந்த வாக்கியம்தான்.

வண்டி போன பிறகு கன்ஃபர்ம் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. அது சின்ன நஷ்டம். தனியாக ஒரு ஊருக்குப் போகிறவனுக்கு ரயில் தவறினால் ரயில்தான் போச்சு. நான்கு இடம் கோத்த திட்டத்தில் முதல் முடிச்சு அவிழ்ந்தால் சரம் முழுக்கச் சரிகிறது. நள்ளிரவில் ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்ட், சேலம் பஸ்ஸில் அம்மாவுக்கு மட்டும் இடம், மற்றவர்கள் ஆம்பூர் வரை நின்றுகொண்டு. ஈரோடு போய்ச் சேரும்போது மறுநாள் மத்தியானம். காலை ஆறு மணிக்குச் சொல்லி வைத்திருந்த கார் வேறு சவாரிக்குப் போய்விட்டது. டிரைவர் மேல் தப்பில்லை, பத்து மணி வரை காத்திருந்திருக்கிறார். அட்வான்ஸ் போச்சு. கோத்தகிரியில் மூன்று அறைகளுக்கு முதல் நாள் வாடகை போச்சு. எட்டாயிரம் ரூபாய்க்கு மேல், அன்றைய காசில். எல்லாவற்றையும் விட, மலையில் இரண்டு நாள் என்று போட்டது ஒரு நாளாகச் சுருங்கியது. கோடநாடு காட்சிமுனை பார்க்கவேயில்லை. கோழிக்கோடு டிக்கெட் தனி பி.என்.ஆர். என்பதால் அது மட்டும் பிழைத்தது.

இதில் என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது, டிக்கெட்டை ஐந்து பேர் பார்த்தோம், ஐந்து பேரும் "வெள்ளி, சரி" என்று தலையாட்டினோம் என்பதுதான். யாரும் தப்பாகப் படிக்கவில்லை. மனசு 'வெள்ளி ராத்திரி' என்று நினைக்க, கண் 'வெள்ளி' என்று பார்க்க, இரண்டும் பொருந்திப் போயிற்று.

இப்போது நான் செய்வது: சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர். வண்டி நேரம் 00, 01, 02, 03 என்று தொடங்கினால், எந்தத் தாளைக் கிழித்த பிறகு ரயில் ஏறப் போகிறோம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்வேன். "வெள்ளித் தாளைக் கிழித்துவிட்டுக் கிளம்புகிறோம், டிக்கெட்டில் சனி இருக்கணும்." குழந்தைகள்கூடச் சரிபார்த்துவிடும். தம்பியிடமும் இதைச் சொன்னேன். நாற்பது நாள் இருந்ததால் ரத்து செய்து மாற்றிக்கொண்டான், கழிவு போக மீதி வந்தது.

இதே பள்ளத்தில் இன்னொரு குழி இருக்கிறது. முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது தெரிந்திருக்கும். அந்த 60 நாளும் சரி, தட்கலும் சரி, வண்டி புறப்படும் ஊரின் தேதியை வைத்துத்தான் கணக்கு. சனி 00:45க்குக் காட்பாடி வரும் வண்டி சென்னையில் வெள்ளியன்று கிளம்புகிறது. ஆகவே தட்கல் திறப்பது வியாழன், ஏசிக்குக் காலை 10, ஸ்லீப்பருக்கு 11. வெள்ளி காலை பத்து மணிக்கு விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆதார் சரிபார்க்காத கணக்காக இருந்தால் வியாழனும் வேலைக்கு ஆகாது, 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு அது கட்டாயம்.

மலை ரயிலுக்குப் பின்னால் காலி கார்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டி. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம், நடுவில் பல்சட்டம் போட்ட தண்டவாளத்தில் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறும். அதில் போகணும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் காரையும் மேட்டுப்பாளையத்திலேயே பேசி, அது காலியாக மலை ஏறி ஊட்டியில் காத்திருக்க, ரயிலுக்கும் காருக்கும் காசு கொடுப்பவர்கள்தான் பாதிப் பேர். ரயிலில் ஏறுவதானால் காரை ஊட்டியில் பிடியுங்கள். காரில் ஏறுவதானால் குன்னூரில் இறங்கி, குன்னூர் – ஊட்டி 19 கிலோமீட்டரை மட்டும் ரயிலில் போங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கார் சும்மா போனால் வலிக்காது. வயதானவர்களோடு ஐந்து மணி நேரம் அந்தப் பெட்டியில் உட்காருவது எல்லாருக்கும் ஒத்துவராது, என் அம்மா குன்னூர் வரும்போதே "இன்னும் எவ்ளோ தூரம்" என்று நான்கு முறை கேட்டுவிட்டார்.

இ-பாஸ்

மலைக்கு வண்டி ஏற முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்கும் அனுமதி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7இலிருந்து. டி.என். 43 வண்டிகளுக்கு நீலகிரியில் வேண்டாம், நம் டி.என். 23க்கு வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பு. அறை போடும் முன் பாஸ்.

மலையிலிருந்து இறங்கிய அன்றே ரயில்

கடலை முதலில் வைத்து, மலையைக் கடைசியில் வைக்கிறார்கள். கேட்டால் "குளுகுளுன்னு முடிக்கலாம்ணா" என்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலிருந்து கிளம்புகிறவனின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் மலைப்பாதையில் ஒரு லாரி கொண்டை ஊசி வளைவில் சிக்கினால் இரண்டு மணி நேரம் போகும். மரம் விழுந்தால் எவ்வளவு போகும் என்று யாருக்கும் தெரியாது. கீழே ரயில் காத்திருக்காது. மலையை முன்னால் வையுங்கள். இறங்குவது தாமதமானால் கடற்கரையில் ஒரு சாயங்காலம் குறையும், அவ்வளவுதான். கடற்கரை ஊரிலிருந்து ரயில் நிலையம் பெரும்பாலும் ஆட்டோ தூரம்.

மே மாதம் ராமேஸ்வரம் போய் மீனுக்கு அலைவதும் இந்தக் கணக்கில் சேரும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான், விலையும் அப்படித்தான்.

காரை ஒரே ஆளிடம் பேசுவது

மூணாறுக்கு ஆலுவா வழிதான் என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். 2023 ஜூனிலிருந்து சென்னை – போடிநாயக்கனூர் வண்டி வாரம் 3 நாள் காட்பாடி வழியாகப் போகிறது. (இதுவும் நள்ளிரவு தாண்டி வருவதுதான், காலண்டர் ஞாபகம் இருக்கட்டும்.) போடியில் இறங்கிப் போடிமெட்டு ஏறினால் மூணாறு 70 கிலோமீட்டருக்குள். பிறகு மறுபக்கம் இறங்கிக் கொச்சி, ஆலப்புழா, எர்ணாகுளத்தில் ரயில் ஏறினால் காட்பாடி. போன வழியே திரும்ப வேண்டாம்.

தவறு எங்கே வருகிறது என்றால், போடியில் பிடித்த காரையே எர்ணாகுளம் வரை இழுப்பதில். இறக்கிவிட்டு டிரைவர் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும், கேரளா பெர்மிட் தனி, பேட்டா தனி. போடி கார் மூணாறோடு நிற்கட்டும். மூணாறிலிருந்து கேரளா வண்டி.

இன்னொன்று, டிரைவர் எங்கே தூங்குவார் என்று கேட்காமல் அறை போடுவது. ஒரு டிசம்பரில் ஊட்டியில் எங்கள் டிரைவர் ராத்திரி முழுக்கக் காரிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. காலையில் இறங்கும்போது மூன்றாவது வளைவில் அவர் கண் சொருகியதை என் மகள்தான் பார்த்தாள். ஓரம் கட்டச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் தூங்க வைத்தோம். அதற்குப் பிறகு விடுதிக்குப் போன் செய்தால் என் முதல் கேள்வி டிரைவருக்கு அறை உண்டா என்பதுதான்.

மேப் காட்டும் நேரம்

மலையில் ஒன்றரை மடங்கு. பின் சீட்டில் வாந்தி எடுக்கும் குழந்தை இருந்தால் இரண்டு.

தீபாவளி லீவு

வடகிழக்குப் பருவமழையின் நடு வீடு. மேட்டுப்பாளையம் – குன்னூர் தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் நிற்பது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ராமேஸ்வரம் பக்கமும் அதே மழை. ஜூன் முதல் வாரம் கேரளக் கடற்கரை என்றால் தென்மேற்குப் பருவமழையை வாசலில் நின்று வரவேற்பீர்கள்.

பழைய வீடியோ

பாம்பன் பாலத்தில் ரயில் 2022 டிசம்பரில் நின்றது, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. இடையில் எடுத்த வீடியோவைப் பார்த்து மண்டபத்தில் இறங்கிப் பஸ் தேடாதீர்கள். தேதியைப் பாருங்கள்.

திரும்பும்போது அலாரம்

மேற்கிலிருந்து வரும் வண்டிகளில் நிறைய காட்பாடிக்கு விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குத்தான் வரும். காட்பாடி நேரத்துக்கு அலாரம் வைக்காதீர்கள், ஜோலார்பேட்டைக்கு வையுங்கள். ஒரு மணி நேரம் முன்னால். பைகளை இறக்க, செருப்புத் தேட, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட அவ்வளவும் வேண்டும்.

2011 பயணத்தின் கடைசி நாள் இந்தத் தவறையும் செய்தேன். கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே சோளிங்கர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது பேரும் அரக்கோணத்தில் இறங்கி எதிர்த் திசை வண்டிக்குக் காத்திருந்தோம். மாமியார் வாயைத் திறப்பதற்குள் டீ வாங்கிவரப் போய்விட்டேன்.