ஓப்பன் பீட்டாவின் முதல் நிமிடத்தை உங்கள் சர்வர் தாங்குமா? அழுத்தச் சோதனை செய்முறை

2012 ஏப்ரல் 20 முதல் 22 வரை டயாப்லோ 3 கேமுக்கு ஓப்பன் பீட்டா நடந்தது. சர்வர் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காகவே யார் வேண்டுமானாலும் வரலாம் என்று மூன்று நாள் திறந்துவிட்டார்கள். அப்படியும் மே 15 அன்று கேம் வெளியானபோது, ஏராளமானவர்கள் லாகின் திரையில் பார்த்தது "பிழை 37". சர்வர்கள் நெரிசலில் இருக்கின்றன, பிறகு முயலுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

பெரும்பாலும் முதலில் விழுவது கேம் அல்ல, லாகின் வாசல். புதிதாகச் சோதனை செய்பவர்கள் சண்டை நடக்கும் சர்வரை மணிக்கணக்கில் பார்த்துவிட்டு வாசலை விட்டுவிடுகிறார்கள். அதனால் இங்கே வாசலிலிருந்தே தொடங்குகிறோம். உதாரணத்துக்கு 10,000 பேரை எதிர்பார்க்கும் சிறு குழு, ஓர் அறைக்கு 64 பேர், லினக்ஸ் சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

10,000 பேர் என்பது மட்டும் போதாது, அவர்கள் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். மாலை 6 மணிக்குத் திறப்பு என்று அறிவித்தால், 5:59க்கே பட்டன்மேல் விரலை வைத்துக் காத்திருப்பார்கள். பாதிப் பேர் முதல் நிமிடத்திலேயே அழுத்தினால், 5,000ஐ 60ஆல் வகுக்க, வினாடிக்குச் சுமார் 83 லாகின்.

இனி பாஸ்வேர்டுக்கு வருவோம். திருடர்கள் எளிதில் ஊகிக்க முடியாதபடி வேண்டுமென்றே மெதுவாகக் கணக்கிடும் பிகிரிப்ட் முறையில் ஒரு பாஸ்வேர்டைச் சரிபார்க்க உங்கள் சர்வரில் 250 மில்லிவினாடி ஆகிறது என்றால், சிபியுவின் ஒரு கோர் வினாடிக்கு 4 பேரைத்தான் உள்ளே விடும். 83 பேருக்கு 21 கோர் வேண்டும். நீங்கள் போட்டிருப்பது 4 கோர் மெஷின் என்றால் 16 பேர் உள்ளே போவார்கள், 67 பேர் வெளியே நிற்பார்கள். அடுத்த வினாடி இன்னொரு 67 பேர் சேர்வார்கள். காத்திருந்து அலுத்தவர் மறுபடி அழுத்துவார், அதற்கும் ஒரு பிகிரிப்ட் கணக்கு ஓடும். இரண்டே நிமிடத்தில் வாசல் அடைத்துவிடும்.

இதற்காக பிகிரிப்ட்டின் வலிமையைக் குறைக்காதீர்கள், அது பாதுகாப்பில் கைவைப்பது. வாசலுக்கு முன்னால் வரிசை ஒன்றை வைத்து, வினாடிக்கு இத்தனை பேர் என்று அளந்து விடுங்கள். ஒருமுறை நுழைந்தவருக்கு டோக்கன் (ஏற்கெனவே நுழைந்தவர் என்று காட்டும் தற்காலிகச் சீட்டு) கொடுத்துவிட்டால், இணைப்பு அறுந்து திரும்பி வரும்போது பாஸ்வேர்டை மறுபடி சரிபார்க்க வேண்டியதில்லை.

படி 2: மனிதரைப் போல நடக்கும் பாட் எழுதுங்கள்

பாட் என்பது பிளேயரைப் போல் சர்வரோடு தானே பேசும் நிரல். கேம் ஹெச்டிடிபி, வெப்சாக்கெட் வழியாகப் பேசுகிறது என்றால், சுமைச் சோதனைக் கருவிகளான லோகஸ்ட் அல்லது கே6 போதும். கேம் யுடிபி என்ற இணைய நெறிமுறையில் ஓடினால், அதே பாக்கெட்டுகளை அனுப்பும் சிறு நிரலை நீங்களே எழுத வேண்டியிருக்கும். படம் வரையாத ஹெட்லெஸ் கிளையன்ட்டையும் ஓட்டலாம். ஆனால் அது நினைவகத்தை நிறையத் தின்னும், ஆயிரக்கணக்கில் ஓட்ட முடியாது.

பாட்களுக்கு முன்கூட்டியே டோக்கன் கொடுத்து வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் மேலே போட்ட பிகிரிப்ட் கணக்கு சோதிக்கப்படவே படாது. ஒவ்வொன்றும் தனிக் கணக்கோடு, பாஸ்வேர்டு போட்டு நுழையட்டும்.

அடுத்து, பாட்களை ஒரே இடத்தில் குவியுங்கள். 64 பேர் ஒரே சதுக்கத்தில் நின்றால், ஒவ்வொருவரின் அசைவும் மற்ற 63 பேருக்குப் போக வேண்டும். ஒரு டிக்குக்கு (சர்வர் கேமின் நிலையை ஒருமுறை புதுப்பிக்கும் சுற்று) 4,032 தகவல்கள்; வினாடிக்கு 30 டிக் என்றால் 1,20,960. அதே 64 பேர் எட்டெட்டாகப் பிரிந்து, அருகில் இருப்பவர்களின் அசைவு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் டிக்குக்கு 448தான். ஒன்பதில் ஒரு பங்கு! வரைபடம் முழுக்கச் சிதறித் திரியும் பாட்கள் "எல்லாம் நலம்" என்று பொய் சொல்வது இதனால்தான். உண்மையான பிளேயர்கள் ஆரம்ப இடத்திலும் கடைவீதியிலும்தான் கூடுவார்கள்.

படி 3: சுமை ஏற்றும் மெஷினைத் தயார் செய்யுங்கள்

பாட்கள் ஓடும் மெஷினே திணறினால், அது காட்டும் தாமதம் சர்வருடையது அல்ல. அதன் சிபியு 70 சதவீதத்தைத் தாண்டினால் இன்னொரு மெஷினைச் சேருங்கள். லோகஸ்ட் பைத்தானில் எழுதப்பட்டது. ஒரு பிராசஸ் ஒரு கோரைத்தான் பயன்படுத்தும். கோருக்கு ஒரு வொர்க்கர் பிராசஸ் ஓட்டுங்கள்.

இணைப்புகள் ஆயிரத்துச் சொச்சத்தில் நின்றுவிட்டால், லினக்ஸின் திறந்த கோப்பு வரம்பு (ஒவ்வொரு இணைப்பும் ஒரு கோப்பாகவே எண்ணப்படும்) வழக்கமான 1,024லேயே இருக்கிறது, உயர்த்துங்கள். 28,000 வாக்கில் நின்றால், வெளிச்செல்லும் போர்ட்கள் தீர்ந்துவிட்டன. லினக்ஸ் இதற்கு வழக்கமாக வைத்திருப்பது 32768 முதல் 60999 வரைதான். இரண்டாவது ஐபி வேண்டும்.

கிளவுட் நிறுவனத்தின் சோதனை விதிகளை முன்பே படித்துவிடுங்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத சர்வர் பக்கமே போகாதீர்கள்.

படி 4: படிப்படியாக ஏற்றுங்கள், உடையும்வரை

100, 500, 1,000, 2,500, 5,000, 10,000 என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் நில்லுங்கள். 10,000ஐ எட்டியதும் நிறுத்தாதீர்கள். 2016இல் போக்கிமான் கோ வெளியானபோது, மோசமான நிலையில்கூட இலக்கைப்போல் 5 மடங்குதான் வரும் என்று கணித்திருந்தார்கள். வந்தது 50 மடங்கு. எந்த எண்ணில், எந்தப் பாகம் முதலில் விழுகிறது என்று எழுதி வைத்தால்தான் சோதனை முடிந்ததாக அர்த்தம்.

பிறகு இரண்டு ஓட்டங்கள். ஒன்றில் 5,000 பாட்களை ஒரே நிமிடத்தில் உள்ளே விடுங்கள். மற்றதில் பாதிச் சுமையை 8 மணி நேரம் ஓடவிடுங்கள். நினைவகக் கசிவு இருந்தால் இதில்தான் தெரியும்.

சராசரியை நம்பாதீர்கள். சராசரி 40 மில்லிவினாடி என்று அழகாக இருக்கும்போதே நூற்றில் ஒருவர் 2 வினாடி காத்திருக்கலாம். 10,000 பேரில் அது 100 பேர், திட்டி எழுதப்போவதும் அந்த 100 பேர்தான். 99ஆம் சதமானத்தை, அதாவது நூற்றில் 99 பேருக்கு வேலை முடிந்துவிடும் நேரத்தைப் பாருங்கள். கூடவே டிக் நேரத்தையும். 30 டிக் என்றால் ஒன்றுக்கு 33 மில்லிவினாடிதான் இருக்கிறது. அது 40 ஆனால் கேம் மெதுவாகி, ஓடுகிறவர் பின்னுக்கு இழுபடுவார்.

படி 5: சிபியு சும்மா இருந்தும் விழுந்தால்

முதல் சந்தேகம் டேட்டாபேஸ்மேல் வரட்டும். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். 8 சர்வர்கள் ஆளுக்கு 20 கேட்டால் 160. நடுவில், சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் கர்னல் லாகைப் பாருங்கள்; ஃபயர்வாலின் இணைப்புப் பட்டியல் நிரம்பிப் பாக்கெட்டுகள் கைவிடப்பட்டிருந்தால் அங்கே பதிவாகியிருக்கும். மலிவான கிளவுட் மெஷின் என்றால், சும்மா இருந்தபோது சேர்த்து வைத்த சிபியு கிரெடிட் (கூடுதல் வேகத்துக்கான ஒதுக்கீடு) தீர்ந்து வேகம் குறைந்திருக்கலாம். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரெனப் படுத்தால் இதுதான் காரணமாக இருக்கும்.

படி 6: பீட்டா நாள்

பாட் செய்யாததை மனிதர்கள் செய்வார்கள். அதனால் ஒரு நேரத்தை அறிவித்து எல்லோரையும் ஒன்றாக வரச் சொல்லுங்கள். டாஷ்போர்டு முன்னால் ஒருவர், பிளேயர்களுக்குப் பதில் சொல்ல இன்னொருவர் இருக்கட்டும். இரண்டையும் ஒருவரே செய்ய முடியாது. வரிசையின் வேகத்தை, சர்வரை மறுதொடக்கம் செய்யாமலே மாற்ற முடிய வேண்டும்.

இரண்டாம் நாள், கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, முன்பே அறிவித்துவிட்டு கேம் சர்வர்களை நீங்களே நிறுத்தி மீண்டும் ஏற்றுங்கள். கிளையன்ட் 3 வினாடிக்கு ஒருமுறை இணைய முயல்வதாக எழுதப்பட்டிருந்தால், 10,000 பேர் வினாடிக்கு 3,333 முறை கதவைத் தட்டுவார்கள். எழுந்த சர்வர் மறுபடி விழும். இடைவெளி 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகி 60 வினாடி வரை போகட்டும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயல் தாமதமும் சேரட்டும். அந்த மாற்றம் கிளையன்ட்டில் செய்ய வேண்டியது. பிளேயர்கள் டவுன்லோட் செய்துவிட்ட பிறகு அதைத் திருத்த எல்லோரையும் அப்டேட் செய்ய வைக்க வேண்டும். ஆகவே பீட்டா கோப்பை வெளியிடும் முன்பே போட்டுவிடுங்கள்.