அட்டவணைக் கட்டத்தை அங்கேயே திருத்துவது எப்படி?

அத்தானின் ஹார்டுவேர் கடைக்கு ஒரு விலைப்பட்டியல் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். சுமார் 300 பொருள்கள். ஒரு விலையை மாற்ற ‘திருத்து’ பொத்தானை அழுத்தி, தனிப் பக்கத்தில் மாற்றிச் சேமித்து, பட்டியலுக்குத் திரும்பி, விட்ட இடத்தைத் தேட வேண்டும். பிவிசி குழாய் விலை ஏறினால் அரை அங்குலம் முதல் நான்கு அங்குலம் வரை ஒவ்வொன்றுக்கும் இதே கதை. “எக்செல் மாதிரி அந்தக் கட்டத்திலேயே மாற்ற முடியாதா மாப்பிள்ளை?” என்றார். ஒரு மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். இரண்டு இரவுகள் போயின.

அட்டவணை வரையவும் ஃபெட்ச் வழியாகச் சர்வருடன் பேசவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே இருப்பது வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ‘கன்டென்ட்எடிட்டபிள்’ என்ற பண்பைக் கட்டத்தில் சேர்த்தால் போதும், ஒரே வரியில் வேலை முடியும் என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வேர்டிலிருந்து ஒரு பெயரை எடுத்து ஒட்டியதும் அதன் எழுத்துருவும் நிறமும் சேர்ந்து வந்து கட்டத்தில் குடியேறின. சாதாரண இன்புட் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை.

படி 1: ஒவ்வொரு வரிசைக்கும் ‘டேட்டா-ஐடி’ என்ற பண்பில் பொருளின் எண்ணைக் கொடுங்கள். திருத்தக்கூடிய கட்டங்களுக்கு மட்டும் ‘டேட்டா-ஃபீல்டு’ கொடுங்கள். வரிசை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். பட்டியலை விலைவாரியாக அடுக்கிய அடுத்த நொடியே சுத்தியலின் விலை ஆணிக்குப் போய்விடும்.

படி 2: ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வேண்டாம்; எல்லா வரிசைகளையும் உள்ளடக்கிய ‘டிபாடி’யில், இரட்டைக் கிளிக் நிகழ்ந்தால் ஓடும் ஒரே ஒரு கேட்பானை (லிசனர்) வையுங்கள். கிளிக் விழுந்த கட்டத்தை ‘குளோசஸ்ட்’ என்ற ஃபங்ஷன் கண்டுபிடித்துத் தரும். கட்டத்துக்குள் ஏற்கெனவே இன்புட் இருந்தால் எதுவும் செய்யாமல் திரும்பிவிடுங்கள். இல்லையென்றால், ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க உள்ளே இரட்டைக் கிளிக் செய்யும்போது, தட்டிக்கொண்டிருந்தது காணாமல் போகும்.

படி 3: பழைய மதிப்பை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, கட்டத்தைக் காலி செய்து, இன்புட்டை உள்ளே போட்டு, ஃபோகஸ் கொடுங்கள், அதாவது தட்டுவது நேராக அதில் விழட்டும். மதிப்பை எடுப்பதும் வைப்பதும், அதை வெறும் எழுத்தாகவே கையாளும் ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ வழியாகவே இருக்கட்டும். அதை எச்டிஎம்எல்லாக எடுத்துக்கொள்ளும் ‘இன்னர்எச்டிஎம்எல்’ பக்கமே போகாதீர்கள். யாரோ தட்டியது ஸ்கிரிப்டாக ஓடுவதற்கு அதுதான் வாசல்.

படி 4: வெளியேறுவது. நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். எண்டர் அழுத்தினால் சேமிக்க வேண்டும், எஸ்கேப் அழுத்தினால் பழையதே திரும்ப வேண்டும், வெளியே கிளிக் செய்தால், அதாவது ‘பிளர்’ நிகழ்ந்தால், சேமிக்க வேண்டும். மூன்றையும் தனித்தனியாக எழுதினேன். எண்டர் அழுத்தினால் சர்வருக்கு இரண்டு கோரிக்கைகள் போயின. எஸ்கேப் அழுத்தினால், ரத்து செய்த விலையே சேமிக்கப்பட்டது!

காரணம் புரிய ஒரு இரவு ஆனது. எண்டரோ எஸ்கேப்போ அழுத்தியதும் என் நிரல் இன்புட்டை நீக்குகிறது. ஃபோகஸில் இருக்கும் இன்புட்டை நீக்கியதும் நான் சோதித்த குரோம் பிளரை எழுப்புகிறது. பிளர் தன் கடமையைச் செய்து மறுபடி சேமிக்கிறது.

தீர்வு எளிது. ‘முடி’ என்று ஒரே ஃபங்ஷன் எழுதுங்கள்; சேமிக்கவா வேண்டாமா என்பது அதற்கு வரும் உள்ளீடு. அதன் முதல் வரியில், ‘முடிந்தது’ என்ற மாறி உண்மையாக இருந்தால் திரும்பிவிட வேண்டும். இல்லையென்றால் அதை உண்மையாக்கிவிட்டு மேலே போக வேண்டும். மூன்று வழிகளும் இந்த ஒரே வாசலில் வரட்டும். மாறியை உண்மையாக்குவது இன்புட்டை நீக்குவதற்கு முன்னால் நடக்க வேண்டும். இந்த முன்பின் மாறினால் பழைய குழப்பமே.

படி 5: மதிப்பு மாறியிருந்தால் மட்டும் சர்வருக்கு ‘பேட்ச்’ கோரிக்கை (ஒரு பகுதியை மட்டும் மாற்றச் சொல்வது) அனுப்புங்கள். தோற்றால் பழைய மதிப்பைத் திரும்ப வைத்து, கட்டத்தைச் சிவப்பாக்குங்கள். ‘1,250’ என்று காற்புள்ளியோடு தட்டுவார்கள்; எண்ணாக மாற்றும் முன் அதை நீக்காவிட்டால் ‘எண் அல்ல’ என்ற விடைதான் வரும். சர்வரில், எந்தெந்த ஃபீல்டுகளை மாற்றலாம் என்று ஒரு பட்டியல் வைத்து அதற்கு வெளியே வருவதை நிராகரியுங்கள். பிரவுசர் அனுப்பும் பெயரை அப்படியே தரவுத்தளத்துக்கான எஸ்கியூஎல் கட்டளையில் ஒட்டுவது தற்கொலை.

ஆயத்த நூலகம் வேண்டுமென்றால் நான் டேபுலேட்டரைச் சொல்வேன், எம்ஐடி உரிமம், அதாவது இலவசம். ஹேண்ட்ஸான்டேபிள் எக்செல்லுக்கு மிக நெருக்கமானதுதான், ஆனால் 2019 முதல் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் உண்டு. 300 வரிகளுக்கு இரண்டுமே தேவையில்லை என்பது என் கட்சி.

பிற்சேர்க்கை: தமிழில் பொருள் பெயர் தட்டும்போது பாதியிலேயே சேமித்துவிடுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை பயன்படுத்துகிறார். பரிந்துரைகளிலிருந்து ‘ஆணி’யைத் தேர்ந்தெடுக்க அவர் அழுத்திய எண்டரை என் நிரல் சேமிப்பு என்று எடுத்துக்கொண்டது. விசை நிகழ்வில் ‘இஸ்கம்போசிங்’ (எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம்) உண்மையாக இருந்தால் எண்டரைப் பொருட்படுத்தாதீர்கள். சஃபாரியில் அது மட்டும் போதாது. விசையின் எண்ணான ‘கீகோடு’ 229 ஆக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்திலேயே சோதித்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

மற்றொன்று: கைப்பேசியில் இருமுறை தட்டினால் பக்கம் பெரிதாகிறது. அங்கே ஒற்றைத் தட்டலுக்கு மாற்றிவிட்டேன். டேப் அழுத்தினால் அடுத்த விலை திறக்க வேண்டும் என்று இப்போது அத்தான் கேட்கிறார். ‘முடி’ தனி ஃபங்ஷனாக இருப்பதால் அதற்குக் கூடுதலாக நான்கு வரிகள்தான்: டேப்பின் இயல்பான வேலையைத் தடுத்து, ‘முடி’யை அழைத்து, அடுத்த கட்டத்தைக் கண்டுபிடித்து, திறக்க வேண்டும்.