மோன் சான் மிஷேல்: ஏறுவதற்கு முன் கடலைப் பாருங்கள்

பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில், பாறைத் தீவின் உச்சியில் நிற்கிறது இந்த பெனடிக்டைன் (கிறிஸ்தவத் துறவியர் சபை) மடாலயம். இங்கே போகும் நாளை முடிவு செய்ய முதலில் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல். இந்த விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 14 மீட்டர் வரை வித்தியாசம் வரும். அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் 20 முதல் 120 வரை ஓர் எண் இருக்கும். எண் பெரிதானால் ஏற்றமும் பெரிது. பௌர்ணமி, அமாவாசை கழிந்து ஒன்றரை, இரண்டு நாளில் அது உச்சத்தைத் தொடும். 110-ஐத் தாண்டினால், தீவைக் கரையோடு இணைக்கும் பாலத்தின் தீவுப் பக்க முனை நீரில் மூழ்கி, சற்று நேரம் போக்குவரத்து நின்றுவிடும். கடல் ஏறும் காட்சி வேண்டுமென்றால் உச்ச நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பே மதில்மேல் இடம்பிடியுங்கள். எண் சிறியதாக உள்ள நாளில் போனால் மணல்வெளிதான் தெரியும்.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ரென் நகருக்கு 1.5 முதல் 2 மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கார் நிறுத்துமிடம் தீவிலிருந்து சுமார் 2.5 கி.மீ. தள்ளி இருக்கிறது, அங்கிருந்து இலவசப் பேருந்து உண்டு. அதுவும் வாசல்வரை போகாது, கடைசிச் சில நூறு மீட்டர் நடைதான். பெரிய பெட்டிகளை மடாலயத்துக்குள் விடமாட்டார்கள், ஆகவே தங்குமிடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நுழைவுச் சீட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 விடுமுறை. மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். கீழ்வாசலிலிருந்து சுமார் 350 படிகள்; நடுப்பகலில் கடைத்தெருவில் நெரிசல் வேறு. சீட்டில் உள்ள நேரத்துக்கு முன் அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு, நுழைந்ததும் வலப்பக்கம் மதில்மேல் ஏறிப் போங்கள். படிகள் குறையாது, ஆனால் கூட்டம் குறைவு, காற்றும் நன்றாக வரும். தேய்ந்த கல், மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடி உள்ள காலணி அவசியம்.

உள்ளே சுற்றுவழி மேலிருந்து கீழே இறங்கும். மேற்கு முற்றத்தில் நிற்கும்போது காலடியைப் பாருங்கள்: அங்கேயும் ஒரு காலத்தில் தேவாலயமே இருந்தது. 1776 தீ விபத்துக்குப் பின் முன்பகுதியில் தூண்களுக்கு இடைப்பட்ட மூன்று பகுதிகளை இடித்துவிட்டார்கள். தேவாலயத்தின் பழைய பீடப்பகுதி (பலிபீடம் இருக்கும் பகுதி) 1421-இல் இடிந்து விழுந்தது. இப்போதுள்ளது அதற்குப் பதிலாகக் கட்டியது. அதைத் தாங்கும் நிலவறைத் தூண்கள் ஒவ்வொன்றும் சுமார் 5 மீட்டர் சுற்றளவு. பாறையின் கூர்முனையில் இத்தனை பெரிய கட்டடம் எப்படி நிற்கிறது என்பதற்கு விடை அந்த நிலவறைதான். பலரும் அதை விறுவிறுவென்று கடந்துபோவது பெரிய இழப்பு. தொடர்ந்து வரும் பெரிய மரச்சக்கரம், இது சிறைச்சாலையாக இருந்த காலத்தில் கைதிகள் உள்ளே நடந்து சுழற்றிப் பொருள் ஏற்றியது. சிறை 1863-இல் மூடப்பட்டது. மொத்தம் 2 மணி நேரம் ஒதுக்குங்கள்.

வற்றத்தின்போது மணலில் நடக்க ஆசை வந்தால் அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டும் போங்கள். புதைமணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஏறும் நீர் முதலில் பள்ளங்களை நிரப்பிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றி வளைப்பதால், கரைக்குத் திரும்பும் வழி அடைபட்டது தாமதமாகத்தான் தெரியும்.