பத்து காட்டேஜுக்கு ஒரே வெந்நீர் லைன்

ஐரோப்பாவில் தெருவுக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் ஊரையே சூடாக்குகிறது. ஊட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் நெருக்கமாக நிற்கும் பத்து காட்டேஜுக்கு அதையே சின்னதாகச் செய்யலாம். காட்டேஜ்கள் சரிவெங்கும் சிதறிக் கிடந்தால் தொடவே வேண்டாம்.

ஆளுக்கு 50 லிட்டர் வீதம் இருபது பேருக்கு 1000 லிட்டர். 15 டிகிரித் தண்ணீரை 55க்கு ஏற்ற 46 யூனிட் சூடு வேண்டும். கீசர் என்றால் அத்தனையும் மீட்டரில் ஏறும். வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் ஹீட் பம்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் போதும். 10 கிலோவாட் சூடு தரும் மெஷினும் 1500 லிட்டர் டேங்கும் வையுங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை ஓட்டினால் போதும். ஜனவரி உறைபனி இரவில் ஓட்டினால் காற்றிலிருந்து சூடு எடுக்கும் காயிலில் ஐஸ் கட்டும், அதை உருக்கவே நேரமும் கரண்டும் போகும்.

பணம் ஒழுகுவது குழாயில்தான். 32 மி.மீ. பிபிஆர் (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய்க்கு 25 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஃபோம் சுற்றினாலும் மீட்டருக்குச் சுமார் 10 வாட் போகும். போக 50, திரும்ப 50 என்று 100 மீட்டர் ஓடினால் நாளுக்கு 24 யூனிட், அதாவது குளிக்கிற சூட்டில் பாதி! சுற்றாமல் விட்டால் மூன்று மடங்குக்கு மேல். அதனால் லைனைச் சுருக்குங்கள். லைனில் வெந்நீரைச் சுற்றவிடும் சர்குலேஷன் பம்பைக் காலை 5–9, மாலை 6–10 மட்டும் ஓடவிடுங்கள். மண்ணுக்கடியில் போகும் இடத்தில் ஃபோமுக்கு மேல் எச்டிபிஇ பிளாஸ்டிக் உறை போட்டு இரு முனையையும் அடைத்துவிடுங்கள். நனைந்த ஃபோம் இருந்தும் இல்லாததுதான்.

சாதா பிபிஆர் 30 மீட்டருக்கு 40 டிகிரி ஏறினால் 18 செ.மீ. நீளும். ஃபைபர் கலந்ததை வாங்குங்கள், வளைவு லூப்பும் விடுங்கள்.

கடைசி காட்டேஜில் தண்ணீர் சூடில்லாமல் வந்தால் மெஷினைத் திட்டாதீர்கள். திரும்பும் (ரிட்டர்ன்) கிளைகளில் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் பேலன்சிங் வால்வு வைத்து, முதல் காட்டேஜின் வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். மேட்டில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் ஏர் வென்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ பிரஷர் கூடும். பச்சைத் தண்ணீரும் வெந்நீரும் வேறு வேறு உயரத் தொட்டியிலிருந்து வந்தால் மிக்ஸரில் ஒன்று மற்றதைத் தள்ளிவிடும். ஷவர் திடீரெனச் சுடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும் லீஜியனெல்லா கிருமிக்காக வாரம் ஒருமுறை டேங்கை 60 டிகிரி தாண்டவிடுங்கள்.

பழைய சீகை விறகு பாய்லரை உடைக்க வேண்டாம், மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும்போது உதவும். ஆனால் இந்த லைனோடு சேர்க்காதீர்கள். விறகுத் தீக்குத் தெர்மோஸ்டாட் கிடையாது. கொதித்த தண்ணீர் ஏறி ஏறிக் குழாயின் ஆயுள் குறைந்துபோகும்.