சடைநாய்க்குச் சிக்கெடுப்பது எப்படி? (கடி வாங்காமல்)

கோல்டன் ரெட்ரீவர், ஷிட்சு, லாசா, நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் வளரும் வெள்ளை ஸ்பிட்ஸ், எதுவாக இருந்தாலும் சரி. "தொட்டாலே கடிக்க வருது, அதோட குணமே சரியில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: முன்னங்கால் அக்குளில் கைவிட்டுப் பார்த்தீர்களா? பெரும்பாலும் அங்கே சுண்டைக்காய் அளவில் ஒரு சிக்குக்கட்டி இருக்கும். நாய் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் அது தோலைப் பிடித்து இழுக்கும். நாள் முழுக்க இழுபடும் நாயிடம் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனால் அது வேறென்ன செய்யும்?

எங்கள் ராணி ஒரு கோல்டன். சேலம் அஸ்தம்பட்டியில் பாதி நாள், ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் மாமா வேலை பார்க்கும் காப்பித் தோட்டத்தில் பாதி நாள். கீழே ஏப்ரல், மே வெயில் மண்டையைப் பிளக்கும். மேலே 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்காலம் வந்தால் துணியே காயாது. இரண்டு இடத்திலும் முடி வேறு வேறு விதமாகப் படுத்தும். இரண்டுக்கும் சேர்த்து எனக்குச் சரிப்பட்டு வந்த முறையை எழுதுகிறேன். சாப்பாடு, தடுப்பூசியெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

முதலில் சாமான்கள்

ஒரு ஸ்டீல் சீப்பு: பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல். ஒரு ஸ்லிக்கர் பிரஷ், அதாவது வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்தது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் சீப்பை வாங்குங்கள். ஸ்லிக்கரை வாங்கும் முன் உங்கள் முன்கையின் உட்பக்கம் இழுத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுரீர் என்றால் நாய்க்கும் அப்படித்தான்.

பிளேடு வைத்த, "கொட்டும் முடியெல்லாம் ஒரே இழுப்பில் வரும்" என்று விற்கும் சாதனம் எனக்குப் பிடிக்காது. குவியல் குவியலாக முடி வருவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அடியில் இருக்கும் மெத்தென்ற உள்முடியோடு சேர்த்து நல்ல மேல்முடியையும் அது நறுக்கிவிடும். சிக்கெடுக்கும் ஸ்பிரேயும் கட்டாயம் இல்லை. மளிகைக் கடைச் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) போதும், எதற்கு என்று கீழே சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசியைப் பிடிக்கும், நாய் நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருக்கும்.

இடமும் நேரமும்

மொசைக் தரையில் நிறுத்தாதீர்கள். கால் வழுக்கினால் நாய்க்குப் பாதி பயம் அங்கேயே வந்துவிடும். ரப்பர் பாயோ கோணிச்சாக்கோ விரியுங்கள். வாக்கிங் போய் வந்து, ஒன்றுக்கு ரெண்டுக்கு எல்லாம் முடித்து, மூச்சிரைப்பு அடங்கிய பிறகு உட்காருங்கள். ஜன்னல் கம்பியில் கட்டிப் போட்டுச் செய்யாதீர்கள். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்தால்தான் வாய் முன்னே வரும்.

பிரஷ் இல்லாமல் தொடுவது

குட்டியாக இருக்கும்போதே தொடங்கினால் பாதி வேலை மிச்சம். பெரிய நாய் என்றாலும் வரிசை இதேதான்: முதலில் தோள், பிறகு முதுகு, அப்புறம் மார்பு. காது, வால், பாதம் மூன்றும் கடைசி. தொட்டவுடன் ஒரு துண்டு வேகவைத்த கோழி. தொடு, கொடு. தொடுவது முன்னால், தீனி பின்னால். மாற்றிச் செய்தால், தீனியைப் பார்த்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்று நாய் ஒளிந்துகொள்ளும். கை பழகிய பிறகு அதே வரிசையில் பிரஷ்ஷின் முதுகுப்புறத்தால் தடவுங்கள்.

எங்கள் வீட்டில் நன்றாக வேலை செய்வது, எவர்சில்வர் தட்டில் தயிரைப் பூசி ஃப்ரீசரில் வைத்து எடுப்பது. அதை நக்கி முடிக்க ராணிக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். தட்டு காலியானால் அன்றைய வேலையும் முடிந்தது.

இனிதான் முக்கியமான இடம்: வரிவரியாகச் சீவுவது

மேலோட்டமாகப் பிரஷ் ஓட்டினால் நாய் பார்க்க அழகாகிவிடும். அடியில் உள்முடி கம்பளி மாதிரி இறுகிக் கிடக்கும். தினமும் சீவுகிறேன், அப்படியும் சடை பிடிக்கிறது என்பவர்கள் எல்லாரும் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். இடது கையால் முடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடியுங்கள். கைக்குக் கீழே தோல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அதிக முடியைப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தக் கோட்டிலிருந்து விரல் பருமன் முடியை மட்டும் கீழே இறக்கி, தோலுக்கு அருகிலிருந்து நுனிவரை ஸ்லிக்கரை இழுங்கள், அழுத்தாமல். பிறகு அடுத்த வரி. வயிற்றுப் பக்கத்திலிருந்து முதுகை நோக்கி ஏறிக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை இழுத்தால் தோல் சிவந்து எரியும்.

முடிந்தது என்று நினைக்கும்போது ஸ்டீல் சீப்பை எடுங்கள். தோலைத் தொட்டு நுனிவரை தடையில்லாமல் வந்தால் அந்தப் பகுதி முடிந்தது. எங்காவது மாட்டினால் அங்கே சிக்கு இருக்கிறது. காதுக்குப் பின்னால், காலர் படும் இடம், அக்குள், தொடை இடுக்கு, வாலுக்குக் கீழே, இந்த ஐந்தையும் சீப்பு வைத்துப் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

சிக்கு அகப்பட்டால் சோளமாவைத் தூவி, விரலால் பிய்த்துப் பிய்த்துத் தளர்த்துங்கள். பிறகு தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் இரண்டு விரலால் முடியை இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீப்பால் அவிழ்த்துக்கொண்டே உள்ளே வாருங்கள். உங்கள் விரல் பிடித்திருப்பதால் இழுப்பு தோலுக்குப் போகாது. நாய் பொறுத்துக்கொள்வதும் பொறுக்காததும் இந்த இரண்டு விரலில்தான் இருக்கிறது.

கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டத் தோன்றும். வேண்டாம். அக்குளில் தோல் மிக மெல்லியது, சிக்கைத் தூக்கும்போது தோலும் கூடவே எழுந்து வரும். முடி எது, தோல் எது என்று கண்ணுக்குத் தெரியாது. தையல் போடும்படி ஆகிவிடும். அவிழவே அவிழாத கட்டியை ட்ரிம்மரால் எடுங்கள், அல்லது கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

நாய் என்ன சொல்கிறது?

உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை ஓரம் தெரிவது. இதெல்லாம் "போதும்" என்பதன் முதல் கட்டம். அசைந்துகொண்டிருந்த உடம்பு சட்டென்று விறைத்து நின்றால் அது கடைசிக் கட்டம், உடனே கையை எடுங்கள்.

உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதட்டி அதட்டி அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேரே பல் படும். உறுமிய இடத்தைக் குறித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, வலியில்லாத ஓர் இடத்தில் இரண்டு இழுப்பு இழுத்து அன்றைக்கு முடித்துவிடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உறுமினால் காதுப் புண்ணோ மூட்டுவலியோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ராணிக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மடித்த துண்டின்மேல் தாடையை வைத்தால் சீவுவோம், எடுத்தால் நிறுத்துவோம். நிறுத்தும் உரிமை அவளிடம் இருப்பதால் இப்போது தாடையை எடுப்பதே அபூர்வம். பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. "நாய்கிட்ட போய் அனுமதி கேக்கறானாம்" என்பார்.

குளியல்

தண்ணீர் ஊற்றும் முன் முழுக்கச் சீவியிருக்க வேண்டும். நனைந்தால் சிக்கு இன்னும் இறுகும். நாய்க்கான ஷாம்பு மட்டும். சீயக்காய் கண்ணில் பட்டால் அதோடு குளியலே பகையாகிவிடும். துண்டால் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள்.

சேலத்தில் காலை வெயிலே பாதி வேலையைப் பார்த்துவிடும். ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் குளிப்பாட்டினால் மேல்முடி காய்ந்திருக்கும், உள்முடி சாயங்காலம்வரை ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் தோல் வெந்து புண்ணாகும். ஹேர் டிரையரைச் சூடில்லாத காற்றில் வைத்து, வரிவரியாகப் பிரித்துக் காய வையுங்கள். சத்தத்துக்குப் பயந்தால் முதலில் பக்கத்து அறையில் ஓடவிட்டுத் தயிர்த்தட்டைக் கொடுங்கள்.

தோட்டத்தில் சுற்றிவிட்டு வந்தால்

நாயுருவி விதை மார்பிலும் வாலிலும் அப்பிக்கொண்டு வரும். அன்றைக்கே எடுத்தால் சீப்பிலேயே வந்துவிடும், மறுநாள் அதைச் சுற்றிச் சிக்கு விழுந்திருக்கும். விரலிடுக்கில் அட்டையும் உண்ணியும் பாருங்கள். உண்ணியை நெருப்பால் சுடாமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். பாதத்தின் அடியில் வளரும் முடியை மட்டும் மட்டமாக வெட்டிவிட்டால் சேறு கட்டாது.

பலரும் கேட்டதால் பிறகு சேர்த்தது

"வெயில் காலத்துக்கு மொட்டை போட்டுவிடலாமா?" ஸ்பிட்ஸ், கோல்டன் இரண்டுக்கும் வேண்டாம். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பால். மேல்முடி, உள்முடி என்ற இந்த இரண்டு அடுக்கு முடி வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. மொட்டை அடித்தால் தோல் வெயிலில் கருகும், சில நாய்களுக்கு முடி திட்டுத் திட்டாகத்தான் திரும்ப வளரும். உள்முடியைச் சீவி எடுத்தாலே காற்று உள்ளே போகும். ஷிட்சு கதை வேறு: அதற்கு முடி வளர்ந்துகொண்டே இருக்கும், குட்டையாக வெட்டலாம்.

"தெருவில் எடுத்த நாய், உடம்பெல்லாம் சடை, கிட்டே போக முடியவில்லை." வீட்டில் முயலாதீர்கள். மயக்க ஊசி போட்டு முழுக்க எடுப்பதுதான் அதற்கு வலி குறைவு. சேலத்தில் உங்களுக்குத் தெரிந்த மருத்துவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

"பல் பட்டுவிட்டது, நம்ம நாய்தானே?" நம்ம நாயாக இருந்தாலும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.