சாமந்தி இலையைத் திருப்பிப் பாருங்கள்

சாமந்தி இலைகளின் மேல்பக்கம் வெளிர்மஞ்சள் புள்ளிகள் வந்தபோது சத்துக்குறை என்றுதான் நினைத்தேன். நுண்ணூட்டத்தைக் கரைத்து, மாலை நேரத்தில் இலை சொட்டச் சொட்டத் தெளித்தேன். பத்தே நாளில் பாதிச் செடிகளில் புள்ளி. அப்புறம்தான் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன்: அடியில் மெழுகு சொட்டியது போல, வெளிறிய இளஞ்சிவப்புக் கொப்புளங்கள். வெள்ளைத் துரு என்ற பூஞ்சை நோய்.

அதனால் எதையும் தெளிக்கும் முன் இலையைத் திருப்புங்கள். கொப்புளத்தை விரலால் தேயுங்கள். துருப்பிடித்த ஆணியைத் தொட்டது போலப் பழுப்புத் தூள் ஒட்டினால் அது பழுப்புத் துரு. தூள் வராமல், வெளிறிய கொப்புளம் மேடு தட்டி நின்றால் வெள்ளைத் துரு. மேடே இல்லாமல் காய்ந்த புள்ளி மட்டும் இருந்தால் வேறு ஏதோ இலைப்புள்ளி நோய். தேய்த்த கையைக் கழுவிவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள்.

மூன்றில் வெள்ளைத் துருதான் பொல்லாதது. ஈர இலையில், 17 டிகிரி செல்சியஸ் வாக்கில், இரண்டே மணி நேரத்தில் பூஞ்சையின் வித்து முளைத்து உள்ளே புகுந்துவிடும். புள்ளி தெரிய 7 முதல் 10 நாள் ஆகும். காய்ந்த காற்றில் பறக்கும் அதே வித்து சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. நான் மாலையில் தெளித்தது அதற்கு விருந்து வைத்த மாதிரி! தண்ணீரைக் காலையில், வேரடியில் ஊற்றுங்கள். செடிகளுக்கு நடுவே காற்று புக இடம் விடுங்கள்.

நோய் கண்ட இலைகளை, ஈரம் காய்ந்த பிறகு, பைக்குள் கிள்ளிப் போடுங்கள். நிறைய பரவியிருந்தால் செடியையே பிடுங்குவது நல்லது. எனக்கும் மனசு வரவில்லைதான். உரக்குழியில் போடாதீர்கள், உதிர்ந்த இலையில் அது 8 வாரம் வரை உயிரோடிருக்கும். பூஞ்சைக்கொல்லி புது இலைகளைக் காக்கும், வந்த கொப்புளத்தை அழிக்காது. பல நாடுகளில் இது வெளியிலிருந்து நுழையவிடாமல் தடுக்கும் பட்டியலில் உள்ள நோய் என்பதால் வேளாண் துறைக்கும் சொல்லிவிடுங்கள்.

பக்கத்து ரோஜாவைப் பிடுங்க வேண்டாம். ரோஜாவின் துரு வேறு, சாமந்தியின் துரு வேறு. ஒன்று மற்றதற்குத் தாவாது.

நோய் வந்த செடியிலிருந்து எக்காரணம் கொண்டும் போத்து (நட்டு வளர்க்க வெட்டும் தண்டு) எடுக்காதீர்கள். இப்போதெல்லாம் புதுச் செடி வந்தால் மூன்று வாரம் தள்ளி வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை அடியிலைகளைத் திருப்பிப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கிறேன்.