கோண்டு ஓவியம் வரையலாம்: ஒரு மரம், ஒரு மயில்

மத்திய இந்தியப் பழங்குடியினரான கோண்டுகளின் ஓவியத்தில் நிழல் போடுகிற வேலை கிடையாது. மரம் வேரோடு முழுசாகத் தெரியும், பறவை பக்கவாட்டில் நிற்கும். உருவத்துக்குள் நிரப்புகிற புள்ளிகளும் கோடுகளும்தான் படத்தை நகர வைக்கின்றன. அதனால் பாதி நேரத்துக்கு மேல் அதற்கே ஒதுக்குங்கள்.

இந்தப் பாணி மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்தில் உள்ள பாடன்கர் கிராமத்தோடு சேர்ந்தது. அங்குள்ள பர்தான் கோண்டுகள் (கோண்டுகளில் ஒரு பிரிவினர்) பானா என்ற நரம்புக் கருவியை மீட்டிக் குலக்கதைகள் பாடிவந்தவர்கள். பெண்கள் சுவரிலும் தரையிலும் டிக்னா என்ற கோலங்களை வரைவார்கள். 1980களின் தொடக்கத்தில் போபாலில் உள்ள பாரத் பவன் என்ற கலை மையத்துக்காக ஓவியர் ஜெ. சுவாமிநாதன் (சிம்லாவில் பிறந்த தமிழர்) அனுப்பிய குழு, ஜன்கர் சிங் ஷியாம் என்ற இளைஞரின் சுவர்ப்படங்களைக் கண்டது. அவர் தாளுக்கும் கேன்வாஸுக்கும் கொண்டுவந்த முறையைத்தான் இன்று உலகம் கோண்டு ஓவியம் என்கிறது. அவருக்குப் பின் வந்த பஜ்ஜு ஷியாம், துர்கா பாய் வியாம் இருவரும் பத்மஸ்ரீ பெற்றவர்கள்.

1. பொருட்கள்

ஏ4 அளவில் 200 ஜிஎஸ்எம் தாள், பென்சில், அக்ரிலிக் பெயிண்ட், மெல்லியதும் நடுத்தரமுமாக இரண்டு பிரஷ், கறுப்பு 0.3 பேனா. முன்பு காவி மண், மஞ்சள் மண், கரி என்று பூசினார்கள். இப்போது அந்த ஓவியர்களே அக்ரிலிக் வாங்குகிறார்கள், நீங்களும் தாராளமாக வாங்கலாம்.

2. பென்சில் கோடு

மரத்தை நடுவில் விறைப்பாக நிறுத்தாதீர்கள். சற்று ஒதுக்கி, வளைந்த அடிமரமாகப் போடுங்கள். இலைகளைக் கொத்தாகக் கிறுக்காமல் ஒவ்வொன்றாக வரையுங்கள். கோண்டுகளின் பெருந்தெய்வமான படாதேவ் குடியிருப்பது சாஜா மரத்தில். நம் ஊரில் அது கருமருது. நீண்ட முட்டை வடிவ இலை என்பதால் வரையவும் எளிது.

மயிலுக்கு மாங்காய் மாதிரி உடல், வளைந்த கழுத்து, பெரிய வட்டக் கண். தோகையைக் கிளையோடு ஓடவிடுங்கள். தோகை நுனியில் இலை முளைத்தாலும் தப்பில்லை. மான் கொம்பு மரக்கிளையாக மாறுவது இந்த ஓவியங்களில் சாதாரணம்.

3. நிறம்

ஒரு பகுதிக்கு ஒரே நிறம். மெலிதாக இரண்டு பூச்சு, நடுவே காயவிட்டு. அடிமரம் ஆரஞ்சாகவும் மயில் சிவப்பாகவும் இருக்கலாம். உருவங்களின் பின்னணியை அப்படியே வெறுமையாக விடுங்கள். வானம், புல் என்று எதையாவது நிரப்பக் கை பரபரக்கும், வேண்டாம். காய்ந்ததும் உருவத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு.

4. உள்நிரப்பு

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். முதலில் ரஃப் தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு, புள்ளி வரிசை, குட்டிக் கோடு, பிறை, விதை, செதில் என்று கட்டத்துக்கு ஒன்றாக நிரப்பிப் பாருங்கள். கை எதில் சலிக்காமல் ஓடுகிறதோ அதை மரத்துக்கு வையுங்கள், இன்னொன்றை மயிலுக்கு. ஒரு படத்துக்கு இரண்டு போதும். ஒவ்வொரு கோண்டு ஓவியருக்கும் தனக்கென்று ஒரு நிரப்பு உண்டு. பார்த்ததும் யார் வரைந்தது என்று சொல்லிவிடலாம். அதனால் ஜன்கரின் புள்ளிகளை அப்படியே பிரதி எடுப்பதைவிட உங்களுக்கு வருவதைத் தேடுங்கள்.

முதல் வரிசையை வெளிக்கோட்டை ஒட்டிப் போட்டு, உள்பக்கமாக நகருங்கள். கழுத்தில் தலையிலிருந்து கீழாக, அடிமரத்தில் வேரிலிருந்து மேலாக, தோகையில் இறகின் நீளத்தோடு. இந்தத் திசை தவறினால் எவ்வளவு நுணுக்கமாகப் போட்டாலும் துணியில் அச்சடித்த டிசைன் போலத்தான் தெரியும். இணையத்தில் கோண்டு என்று சொல்லி மண்டலா (நடுவிலிருந்து விரியும் வட்டக் கோலம்) சொல்லித் தருகிற வீடியோக்களில் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான்.

அடர் நிறத்தின் மேல் வெள்ளை, வெளிர் நிறத்தின் மேல் கறுப்பு. நாலைந்து புள்ளிக்கு ஒருமுறை பிரஷைத் திரும்பப் பெயிண்டில் தொட்டால் அளவு மாறாது. கைக்கு அடியில் ஒரு வெற்றுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஈரம் தேய்ந்துவிடும்.

5. முடிக்கும்போது

கண்ணின் கருவிழியைக் கடைசியாக வைத்து, தெரிகிற பென்சில் கோடுகளை அழியுங்கள். வீட்டில் மாட்ட எந்தத் தடையும் இல்லை. விற்பதாக இருந்தால் மட்டும் ‘கோண்டு பாணியில் வரைந்தது’ என்று எழுதுங்கள். ஏனென்றால் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.